மேகத்துக்கு மேலே சில தீவுகள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிவிட்டு, தூண்பாறையில் மக்காச்சோளம் கடித்துவிட்டு இறங்கிவிடுபவர்கள் பழனி மலையைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்வதில்லை. மலை அதற்கு அப்பால்தான். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேற்கே போகும் சாலையில் காலை பஸ் ஏறினேன்.

ஒரு வளைவில் வடக்குச் சரிவு திறந்தது. கீழே ஊர், வயல், பழனிக் கோயில் எதுவும் தெரியவில்லை. வெள்ளை மேகம் கடலாய் நிரம்பி நிற்க, முகடுகள் மட்டும் தீவுகளாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வெறும் கண்மயக்கு இல்லை இது. இங்குள்ள பல உயிர்களுக்கு இந்த மலை நிஜமாகவே தீவுதான். சிரிப்பான் பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்காரனுக்கு நெஞ்சும் வயிறும் செம்பழுப்பு. பழனி, ஆனைமலைப் பக்கத்துக்காரனுக்கு நெஞ்சு சாம்பல். இரண்டும் வேறு வேறு இனம். குளிர்ந்த சோலையை விட்டு வெயில் காயும் சமவெளியில் இறங்கத் துணியாத பறவை அது. நடுவே கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், நம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம், அதற்கோ தாண்ட முடியாத கடல்.

மன்னவனூர் தாண்டி ஒரு சோலை ஓரம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஆள் தெரியவில்லை. பாசி போர்த்திய குட்டை மரங்கள் மடிப்புகளில் மட்டும் ஒதுங்கி நிற்க, மேடெல்லாம் புல். மரத்தை வெட்டியதால் வந்த மொட்டை என்று நினைத்துவிடாதீர்கள். மார்கழி, தை மாத உறைபனி வெட்டவெளியில் முளைக்கும் மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கும். அந்தப் புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்களும் பிறகு நம்மவர்களும் பைன், யூகலிப்டஸ், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரம் எல்லாம் நட்டுத் தள்ளினார்கள். இன்று சினிமா டூயட்டுக்கும் செல்ஃபிக்கும் கூட்டம் அம்முவது அந்த பைன் காட்டில்தான். பூம்பாறை பஸ் நிறுத்தத்தில் பூண்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "பைன் மரத்தப் பாக்கவா தம்பி இம்புட்டுத் தூரம் வந்தீங்க? அதுக்கடியில ஒரு புல்லு மொளைக்காது."

பூம்பாறை அழகு, மேலே சாலையிலிருந்து பார்த்தால். படிப்படியாய் இறங்கும் வயல்கள், நடுவே கொத்தாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். பூண்டை இங்கேயே வாங்கிவிடுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, காரம் அதிகம், நாளும் தாங்கும்.

கூக்கால் ஏரிக்குப் போவதானால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறி ஏரியே காணாமல் போகும். குறிஞ்சிக்காகத்தான் வருவேன் என்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான்.