மவுல்பிரோன் மடத்தில் ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியின் தென்மேற்கே, ஸ்டுட்கார்ட்டுக்கும் கார்ல்ஸ்ரூவுக்கும் நடுவில் இருக்கிறது மவுல்பிரோன். 1147இல் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த துறவிகள் குடியேறிய மடம் இது. மதில், ஆலை, கிடங்கு, தேவாலயம் என ஒரு முழு மடம் அப்படியே மிஞ்சியிருப்பதால், 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நானும் தோழியும் மியூலாக்கர் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம்.

நேராகத் தேவாலயத்துக்குள் போனோம். 1178இல் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாதி தூரம் நடந்ததும் குறுக்கே ஒரு கல் சுவர் நிற்கிறது. "இந்தச் சுவர் எதுக்குடி இங்கே? இது இல்லேன்னா கோயில் எவ்வளவு நீளமாத் தெரியும்!" என்றாள் தோழி. சுவருக்கு அப்பால் துறவிகள். இப்பால் பொதுநிலைச் சகோதரர்கள். இருவரும் வாக்குக் கொடுத்து மடத்தில் சேர்ந்தவர்கள்தான். ஆனால் லத்தீன் படித்துப் பாடி ஜெபிப்பது அவர்கள் வேலை, வயலும் திராட்சைத் தோட்டமும் ஆலையும் இவர்கள் வேலை. அந்தச் சுவரைப் பார்த்தபின் எனக்கு மடம் முழுவதும் வேறு மாதிரித்தான் தெரிந்தது. சுவருக்கு முன்னால், பொதுநிலைச் சகோதரர்கள் பக்கத்தில், 1473இல் செதுக்கிய பெரிய சிலுவை இருக்கிறது. கல்தான், ஆனால் மரம் போலவே இழை இழையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் வெகுநேரம் நின்றோம்.

சாப்பாட்டுக் கூடங்களும் இரண்டு. துறவிகளுடையது உயரமானது, நடுவே ஒரே வரிசையில் ஏழு தூண்கள், பருத்தது ஒன்று, மெலிந்தது ஒன்று என மாறி மாறி நிற்கின்றன. எல்லோரும் பேசாமல் சாப்பிட, ஒருவர் மட்டும் வேதம் வாசிப்பாராம். வாசலுக்கு எதிரே கை கழுவ நீரூற்று. இன்றும் தண்ணீர் விழுகிற சத்தம் சுற்று நடைக்கூடம் முழுக்கக் கேட்கிறது. பொதுநிலைச் சகோதரர்களின் கூடம் தாழ்வானது, இரட்டைத் தூண்கள் கொண்டது. முன்னதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. நாள் முழுக்க மண்ணில் வேலை செய்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் இது என்று நினைத்ததும் மனசு கனத்துவிட்டது.

அப்புறம் குளிர்காய ஓர் அறை. கீழே நெருப்பு மூட்டுவார்கள். தரையிலிருக்கும் துளைகள் வழியே சூடு மேலே வரும்.

புராட்டஸ்டன்ட் பிரிவு உருவான மதச் சீர்திருத்தத்துக்குப் பின், 1556இல் மடம் பள்ளிக்கூடமானது. வானியலாளர் கெப்லர் 1586 முதல் இங்கே படித்தார். இன்றும் மாணவர்கள் தங்கிப் படிப்பதால் சில பகுதிகளுக்குள் போக முடியாது.

மடத்துக்கு மேலே அந்தக் காலத்தில் உண்டாக்கிய ஏரி ஒன்று உண்டு. ஆலை ஓடவும் மீன் வளர்க்கவும் குளங்களும் கால்வாய்களுமாகப் பள்ளத்தாக்கையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். இப்போது கோடையில் அந்த ஏரியில் ஊர்க்காரர்கள் நீந்துகிறார்கள். போகிறவர்கள் தேவாலயத்தோடு திரும்பிவிடாமல், கொஞ்சம் மேடேறி அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.