அக்காத் நகரம் கேட்டு வாங்கிய தெய்வம்

பாக்தாத் அருங்காட்சியகத்தில் ஒரு செப்புச் சிலை இருக்கிறது. சிலை என்றால் பாதிதான். வட்டமான பீடத்தின் மேல் ஒரு ஆண் கால்களை மடக்கி அமர்ந்திருக்கிறான். இடுப்புக்கு மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சிய பாதியே 150 கிலோ. வட ஈராக்கில் பாசெட்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் வீதி போடும் வேலையின்போது கிடைத்தது. வயது ஏறக்குறைய 4,250 ஆண்டுகள்.

நான் வார்ப்புப் பட்டறை வீட்டில் பிறந்தவன். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்த்தவர். அதனால்தானோ என்னவோ, சிலையின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் செம்புதான் முதலில் கண்ணில் பட்டது. கிட்டத்தட்டத் தனிச் செம்பு. பித்தளையும் வெண்கலமும் மூசையைச் சரித்தால் ஓடிவிடும். தனிச் செம்பு லேசில் ஓடாது. சூடு கூடக் கேட்கும், காற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆறும்போது உள்ளே குமிழி விடும். மெழுகில் உருச் செய்து, மேலே மண் அப்பி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் செம்பை ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் தெரிந்த முறைதான். ஆனால் இந்த அளவு வார்ப்புக்கு எத்தனை உலை, எத்தனை துருத்தி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. வார்த்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. பீடத்தில் வெட்டியிருப்பது அப்போது அந்த நாட்டை அக்காத் நகரிலிருந்து ஆண்ட அரசன் நராம்-சின்னின் பெயர்.

அந்த எழுத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான்கு திசையும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தபோது இஷ்டார் தேவி காட்டிய அன்பினால் நராம்-சின் ஒரே ஆண்டில் ஒன்பது போர்களில் வென்றான், எதிர்த்த அரசர்களைப் பிடித்தான் என்று அது தொடங்குகிறது. அடுத்து வருவது இன்னும் முக்கியம். ஆபத்து வேளையில் தங்கள் நகரத்தின் அடித்தளத்தைக் காத்தவன் என்பதால், அக்காத் மக்கள் அவனைத் தங்கள் நகரத்துக்குத் தெய்வமாகத் தரும்படி தெய்வங்களிடம் கேட்டார்களாம். யார் யாரிடம் என்று வரிசையாகச் சொல்கிறது: உருக் நகரில் இஷ்டார், நிப்பூரில் என்லில், துத்துலில் தகான், கேஷில் நின்ஹுர்சாக், எரிதுவில் ஏயா, ஊர் என்ற பெயருள்ள நகரில் சின், சிப்பாரில் சமாஷ், கூத்தாவில் நெர்கல். எட்டுப் பேரிடமும் கேட்ட பிறகு, அக்காத் நகரின் நடுவில் அவனுக்குக் கோயில் கட்டினார்கள்.

சரி, இதை வெட்டுவித்தது அரசன்தானே, மக்கள் உண்மையில் கேட்டார்களா என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அரசன் பொய்யே சொன்னாலும், எந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தான் என்று பாருங்கள். 'நான் தெய்வமாகப் பிறந்தேன்' என்று அவன் சொல்லவில்லை. 'ஊரைக் காத்தேன், ஊர் கேட்டது, பெரிய தெய்வங்கள் சம்மதித்தன' என்கிறான். உலகத்துக்கெல்லாம் தெய்வம் என்றும் இல்லை, ஒரு நகரத்துக்கு. அவனுடைய ஊழியர்களின் முத்திரைகளிலும் 'அக்காதின் தெய்வம்' என்றுதான் இருக்கிறது.

அதற்கு முன் அந்த நாட்டில் அரசனின் இடம் வேறு. நகரமும் நிலமும் தெய்வத்தின் சொத்து. லகாஷ் நகரம் என்றால் நின்கிர்சு தெய்வத்தினுடையது, ஆள்பவன் அதைப் பார்த்துக்கொள்பவன். நராம்-சின்னின் பாட்டன் சார்கோன்கூட இந்த ஒழுங்கைத் தாண்டவில்லை. உருக்கின் அரசன் லுகல்சாகேசியைத் தோற்கடித்து, கழுத்தில் பூட்டுப் போட்டு, நிப்பூரில் என்லிலின் வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்தினான். வெற்றி என்லில் தந்தது என்று காட்டுகிற செயல் அது. மகள் என்ஹெதுவன்னாவை ஊர் நகரத்துச் சந்திரன் கோயிலுக்குத் தலைமைப் பூசகியாக அனுப்பினான். பேரன் காலத்தில்தான் அரசனின் பெயருக்கு முன்னால் தெய்வங்களுக்கு இடும் நட்சத்திரக் குறி ஏறுகிறது. பாரிஸில் இருக்கும் அவனுடைய வெற்றிக் கல்லிலும் தெய்வத்துக்குரிய கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு மலையேறுகிறான். வீரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் அவன் தலைக்கு மேலேயும் நட்சத்திரங்கள் இருக்கின்றன.

எங்கள் ஊர் அரசர்கள் அந்தக் கொம்பைச் சூடவில்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காசில் நந்தியையும் 'சேது' என்ற எழுத்தையும் பொறித்தார்கள்; சேதுகாவலன் என்ற பட்டமே அவர்களுக்குப் பெருமை. நல்லூரில் இன்றைக்கும் கட்டியம் சொல்லும்போது புவனேகவாகுவின் பெயர் வருகிறது, கோயிலுக்குத் தொண்டு செய்தவனாக. ஆனாலும் பாசெட்கி எழுத்தைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இறைமாட்சியில் வரும் குறள்: 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்.' வைப்பவர்கள் மக்கள். காப்பாற்றினால்தான் வைப்பார்கள். எங்கேயோ இருந்த அக்காதின் செப்புப் பீடத்தில் அதே நிபந்தனையைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

வைத்தவர்கள் கீழே இறக்கவும் செய்வார்கள். அக்காத் விழுந்து ஒன்றிரண்டு தலைமுறைகள் கழிந்தபின் சுமேரிய மொழியில் 'அக்காதின் சாபம்' என்றொரு பாட்டு வழங்கியது. அதில் நராம்-சின் பெரும் பாவி. என்லிலின் கோயிலைக் கட்டக் குறி கேட்கிறான், நல்ல குறி வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏணி சார்த்தி, கோடரியும் மண்வெட்டியும் கொண்டு கோயிலை உடைக்கிறான். பொன்னும் வெள்ளியும் செம்பும் படகில் ஏறிப் போகின்றன. என்லில் கோபித்து மலையிலிருந்து குத்தியர் என்ற மலைவாசிகளை இறக்கிவிட, அக்காத் அழிகிறது.

ஆனால் நிப்பூரில் தோண்டியபோது கிடைத்த செங்கற்களில் 'என்லிலின் கோயிலைக் கட்டியவன் நராம்-சின்' என்று அச்சுக் குத்தியிருக்கிறது. அவன் தொடங்கிய வேலையை மகன் ஷார்-கலி-ஷர்ரி தொடர்ந்தான். அக்காத் விழுந்ததும் நராம்-சின் காலத்தில் இல்லை. மகன் ஆண்டு முடித்த பிறகுதான்.

இது யாழ்ப்பாணத்துக்காரருக்கு உடனே விளங்கும். கோயில் திருப்பணி என்றால் முதலில் பாலஸ்தாபனம். மூர்த்தியை வெளியே எழுந்தருளப் பண்ணிவிட்டு, பழைய விமானத்தை உடைக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் அப்படி உடைத்தபோது நான் நின்று பார்த்தேன். சுண்ணாம்பும் பொழிகல்லும் கும்பியாய்க் கிடந்தன. அப்பப்பா வார்த்த தூண்டாமணி விளக்குகளை லாண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலி ஓரத்தில் நின்ற ஒரு ஆச்சி, "உடைக்கிறாங்கள், ஒருத்தனும் உருப்படமாட்டான்" என்று மண்ணை அள்ளித் தூற்றினார். அடுத்த வருஷம் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் ஊருக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்த ஆச்சியின் சொல்தான் கதையாக நின்றிருக்கும். நிப்பூரில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஏணி, கோடரி, படகில் போகும் செம்பு, எல்லாமே திருப்பணிக்கும் பொருந்துகிறது. நான் செங்கல்லை நம்புகிறேன்.

பாசெட்கி எழுத்தின் கடைசியில் ஒரு சாபமும் உண்டு: இந்த எழுத்தை அகற்றுகிறவனின் அடித்தளத்தைத் தெய்வங்கள் பிடுங்கி எறியட்டும், அவன் சந்ததி அழியட்டும். 2003 ஏப்ரலில் அருங்காட்சியகத்தைக் கொள்ளையடித்தவர்கள் சிலையைத் தூக்கிப் போனார்கள். அந்த நவம்பரில் ஒரு கழிவுக்குழிக்குள் கிரீஸ் பூசிய நிலையில் அதை மீட்டார்கள். செம்பு கெடாமல் தப்பியதே பெரிய காரியம்.

அக்காத் நகரம் எங்கே இருந்தது என்பதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மக்கள் கேட்டுக் கட்டியதாகச் சொல்லும் அந்தக் கோயிலும் அதோடு மண்ணுக்குள். என்றைக்காவது வெளியே வந்தால், நராம்-சின்னுக்குப் பிறகும் அங்கே அவனுக்குப் படையல் தொடர்ந்ததா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.