கண் எடுத்த குழி

"வெச்சா நிக்க மாட்டேங்குது, குனிஞ்சா விழுந்துடுது." கண் எடுத்துப் பல வருடம் ஆனவர்கள் செயற்கைக் கண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சொல்வது பெரும்பாலும் இதுதான். குறை அந்தக் கண்ணில் இருப்பது அபூர்வம். குழியில் கொள்ளளவு குறைந்திருக்கும், அல்லது உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு சுருங்கியிருக்கும். எது என்று பிரித்தறியாமல் கத்தி எடுக்கக் கூடாது.

கொள்ளளவு வெறும் கணக்கு. பெரியவர்களின் கண்விழி சுமார் 7 மி.லி. அதற்குப் பதிலாகக் குழிக்குள் புதைக்கும் உருண்டை 22 மி.மீ. என்றால் 5.6 மி.லி. இடத்தை நிரப்பும், 20 மி.மீ. என்றால் 4.2, 18 மி.மீ. என்றால் 3தான். மிச்சமெல்லாம் அதன்மேல் மாட்டும் செயற்கைக் கண்ணின் தலையில் விழும். அது தடித்துக் கனத்தால் கீழிமை வருடக்கணக்கில் அழுந்தித் தொங்கிவிடும். மேலிமைக்கு மேலே விழும் பள்ளமும் இந்தக் குறைவால் வருவதே.

அதற்காகப் பெரிய உருண்டையைத் திணித்தால் அது வெளியே எட்டிப்பார்க்கும். இழுத்துத் தைத்த தையல் பிரிவதுதான் அதற்கு முக்கியக் காரணம். கண்விழியைச் சுற்றியிருந்த டெனான் படலத்தை 5-0 விக்ரிலில் (தானே கரையும் மெல்லிய தையல் நூல்) இரண்டு அடுக்காக, இழுப்பில்லாமல் மூடிவிட்டு, கன்ஜங்டைவாவை, அதாவது மேலே போர்த்தும் அந்தச் சவ்வைத் தனியாகத் தைக்க வேண்டும். அதன் ஓரம் உள்ளே மடங்கிப் புதைந்தால் பின்னால் நீர்க்கட்டியாக எழும். நுண்துளை உருண்டைக்குள் ரத்தக்குழாய்கள் வளர்வது நல்லதுதான்; ஆனால் அதன் சொரசொரப்பு மேலே உள்ள படலத்தை அரிக்கும். உருண்டையையும் செயற்கைக் கண்ணையும் இணைக்கும் முளையான பெக் போடாவிட்டால் அசைவிலும் சாதாரண அக்ரிலிக் உருண்டையைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை.

சவ்வுக் குறைவுதான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் ஆழம் இழப்பது பெரும்பாலும் கீழ் ஃபோர்னிக்ஸ், அதாவது கீழிமைக்குப் பின்னால் சவ்வு மடிந்து உண்டாகும் பள்ளம். சவ்வு போதுமான அளவு இருந்து ஆழம் மட்டும் போயிருந்தால், ஃபோர்னிக்ஸை இழுத்துக் கீழ் விளிம்பு எலும்பின் உறையோடு தைத்தாலே போதும். சவ்வே இல்லையென்றால் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். உதட்டின் சிவந்த ஓரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் உதடு இழுத்துக்கொள்ளும். கன்னத்தில் எடுத்தால் மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உமிழ்நீர்க் குழாயின் வாய் இருக்கிறது, கவனம். எடுத்த துண்டை விரல்மேல் விரித்து, அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சுரப்பிகளையும் கத்தரியால் வழித்தெடுக்க வேண்டும். விட்டுவைத்தால் துண்டு ஒட்டாது. அது எப்படியும் சுருங்கும் என்பதால் தேவையைவிடப் பெரிதாகவே எடுக்க வேண்டும். அடியில் ரத்தம் தேங்கினால் அந்த இடம் அழுகும். அதனால் துண்டில் சின்னச் சின்னக் கீறல்கள் போடுவது வழக்கம்.

பிறகு எல்லாம், குழியின் வடிவம் மாறாமலிருக்க இமைகளுக்குப் பின்னால் வைக்கும் கன்ஃபார்மர் தகட்டின் கையில். சீழ் போல வடிகிறதே என்று பயந்து நோயாளி அதைக் கழற்றி வைத்துவிடுவார். சில நாளில் ஃபோர்னிக்ஸ் மூடிக்கொள்ளும், திரும்ப வைத்தால் உள்ளே போகாது. விழுந்தால் கழுவி அன்றைக்கே வைக்க வேண்டும் என்று வீட்டாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். இமைகளைச் சில வாரம் தற்காலிகமாகத் தைத்துவைத்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

கொள்ளளவும் சவ்வும் சேர்ந்தே குறைந்திருந்தால் வயிற்றிலோ பிட்டத்திலோ எடுக்கும் தோலடி-கொழுப்புத் துண்டு. 1978ல் ஸ்மித்தும் பெட்ரெல்லியும் விவரித்த முறை. மேல்தோலை முழுக்க உரித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் குழிக்குள் முடி முளைக்கும், நாற்றமும் வரும். கதிர்வீச்சு பட்ட குழியில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் கொழுப்பு கரைந்துபோகும். சிறு குழந்தைகளிடம் நிலைமை தலைகீழ்: துண்டு கூடவே வளர்ந்து, பின்னர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

வரிசையை மாற்றக் கூடாது. கொள்ளளவு, சவ்வு, அப்புறம் தளர்ந்த கீழிமையை வெளிமூலையில் இழுத்துக் கட்டுவது. மேலிமைத் தொய்வு கடைசி. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் செயற்கைக் கண் பொருத்தி, அதை வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். அப்போதும் உடனே தேதி கொடுக்க வேண்டாம். கண் செய்பவரிடம் மேல்விளிம்பில் கொஞ்சம் அக்ரிலிக் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், ஒரு மில்லிமீட்டர் தொய்வு அதிலேயே சரியாகிவிடுவதுண்டு.