தேஜோனில் மலிவான மாத வாடகை அறை: கொரியாவுக்குப் படிக்க வருபவர்களுக்கு

கொரியாவில் படிக்க இடம் கிடைத்ததும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, அங்கே மாச வாடகை எவ்வளவு?" என்பதுதான். பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: வந்து இறங்கும்போது கையில் மொத்தமாக எவ்வளவு இருக்கும்? இங்கே வாடகையைத் தீர்மானிப்பதே முன்பணம்தான். பொஜுங்கும் என்பார்கள், நம்மூர் அட்வான்ஸ். அது எவ்வளவு கட்ட முடியும் என்று தெரிந்துவிட்டால், எந்த மாதிரி அறையைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நான் இருப்பது தேஜோன் நகரில், யுசோங் பகுதியில். கெய்ஸ்ட் (KAIST) அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுங்னாம் தேசியப் பல்கலைக்கழகம், தெதோக் ஆய்வு வளாகம் எல்லாம் இந்தப் பக்கம்தான். அதனால் வெளிநாட்டு மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். சியோலைவிட வாடகையும் குறைவு. கணக்குக்கு வசதியாக, ஒரு லட்சம் வொன் என்றால் தோராயமாக ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் முதல் செமஸ்டருக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சமைக்க விடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. விடுதி கிடைக்காதவர்களுக்கும், குடும்பத்தை அழைத்துவர நினைப்பவர்களுக்கும், செமஸ்டர் நடுவில் வந்து சேர்பவர்களுக்கும்தான் இனி வருவது.

வந்த உடனே தங்க, கோஷிவோனைவிட மலிவான இடம் கிடைப்பது அரிது. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக உருவான சிறு அறைகள் இவை. இப்போது மாணவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் என எல்லோரும் தங்குகிறார்கள். முன்பணம் இருக்காது, இருந்தாலும் ஒரு மாத வாடகையைத் தாண்டாது. நான் பார்த்தவரை தேஜோனில் மாதம் 2 லட்சத்திலிருந்து 3.5 லட்சம் வொன் வரை. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாம் அதற்குள் அடக்கம்.

அறை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். கதவைத் திறந்தால் நேராகக் கட்டில். கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே மேசை வருவதால், படுத்தால் கால் மேசைக்கு அடியில் போய்விடும். மேசைக்குக் கீழே ஒரு சின்னஞ்சிறு ஃப்ரிட்ஜ், சுவரில் இரண்டு தட்டு, ஒரு கம்பியில் ஏழெட்டுச் சட்டை மாட்டலாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் அறைக்குள்ளேயே கண்ணாடித் தடுப்புப் போட்ட குளியலறை. பக்கத்து அறைக்காரர் அலாரம் வைத்தால் நீங்களும் எழுந்துகொள்வீர்கள். பெரிய பெட்டி இரண்டு கொண்டுவந்தால் ஒன்றைக் கட்டில்மேல்தான் வைக்க வேண்டியிருக்கும்.

ஜன்னலுக்கு இங்கே தனி விலை. ஜன்னலே இல்லாத அறை, நடைபாதையைப் பார்த்த ஜன்னல், வெளியே பார்த்த ஜன்னல் என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் சில பத்தாயிரம் வொன் வித்தியாசம். அந்தப் பணத்தைக் கொடுத்து வெளி ஜன்னல் உள்ள அறையையே எடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வெளிச்சம் இல்லாத அறையில் ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது மனதுக்கு நல்லதல்ல. புது நாட்டில் முதல் மாதங்களில் அது இன்னும் கடினம். இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பரில் சியோலின் சோங்னோ பகுதியில் ஒரு பழைய கோஷிவோனில் தீப்பிடித்து 7 பேர் இறந்தார்கள். ஓர் அறையில் இருந்த மின் ஹீட்டரில் தொடங்கிய தீ. அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. அதன் பிறகு சட்டம் இறுகியது. சியோலில் 2022 ஜூலை முதல் புதிதாகக் கட்டும் கோஷிவோன் அறை குறைந்தது 7 சதுர மீட்டர் இருக்க வேண்டும், ஜன்னலும் கட்டாயம் என்று விதி வந்தது. ஆனால் பழைய கட்டடங்களில் அறையின் அளவும் ஜன்னலும் பழையபடியேதான் இருக்கின்றன. அறை பார்க்கப் போகும்போது கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா, அவசர வழி எங்கே, அதன் முன்னால் செருப்பு ஸ்டாண்டோ அட்டைப் பெட்டியோ அடைத்து வைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். அடைத்திருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பொதுச் சமையலறையில் குக்கரில் சோறு எப்போதும் சூடாக இருக்கும். பல இடங்களில் கிம்ச்சி ஊறுகாயும் ராம்யோன் நூடுல்ஸும் இலவசம். மாதச் செலவில் இது பெரிய உதவி. கொஞ்சம் ஒட்டும் அரிசி, தயிர் ஊற்றினால் நன்றாகவே இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறால் உப்போ சேர்த்திருப்பார்கள். அப்புறம், கடுகு, மிளகாய் தாளிப்பதை அந்தச் சமையலறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்று வெளியேற வழி குறைவு. நெடி நடைபாதை முழுக்கப் போகும். பருப்பு, கூட்டு மாதிரி கொதிக்க வைத்து இறக்குவதோடு நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

மாதாமாதம் மட்டும் பணம் கட்டுங்கள். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். நல்ல ஒன்ரூம், அதாவது குளியலறையும் சமையல் மேடையும் உள்ள தனி அறை, கிடைக்கும்போது உடனே கிளம்ப முடியாமல் அது உங்களைக் கட்டிப்போட்டுவிடும்.

ஹசுக் என்று இன்னொன்று உண்டு. ஒரு வீட்டில் அறையும், காலை, இரவுச் சாப்பாடும் தருவார்கள். கொரிய மொழி பழக நல்ல இடம். அசைவம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் இது சரிப்படும்.

ஓராண்டுக்கு மேல் இருக்கப் போகிறவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்ரூம். தனிக் குளியலறை, சின்னச் சமையல் மேடை, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒற்றை அறை. சுங்னாம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய குங்-தோங், கெய்ஸ்ட் பக்கத்து ஒவுன்-தோங் இரண்டும் இந்த அறைகளால் நிறைந்த பகுதிகள். முன்பணம் 10 லட்சத்திலிருந்து 50 லட்சம் வொன், வாடகை 3 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் என்பது வழக்கமான வட்டம். முன்பணத்தைக் கூட்டினால் வாடகை குறையும்: 10 லட்சம் அதிகம் கொடுத்தால் மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ குறைப்பார்கள். கையில் சேமிப்பு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இது இங்கே சகஜமான பேச்சு.

பலகையில் எழுதியிருக்கும் வாடகையை மட்டும் நம்பாதீர்கள். குவால்லிபி என்ற பராமரிப்புக் கட்டணம் தனி. வாடகையைக் குறைத்துக் காட்டிவிட்டு இதை ஏற்றி வைப்பவர்கள் உண்டு. அதில் இன்டர்நெட், தண்ணீர் அடங்குமா, கேஸ், கரண்ட் தனியா என்று கேட்டு, மொத்தத்தை ஒப்பிடுங்கள். இங்கே தரையைச் சூடாக்குவது பெரும்பாலும் கேஸ் பாய்லர். ஜனவரி கேஸ் பில்லைப் பார்த்தால் வயிறு கலங்கும், எனவே போன குளிர்காலத்தில் எவ்வளவு வந்தது என்று முன்பு இருந்தவரிடமே கேட்டுவிடுவது நல்லது. அறை பார்க்கும்போது குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால், அலமாரி மூலையில், ஜன்னல் சட்டத்தில் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். வால்பேப்பர் ஒரே ஒரு சுவரில் மட்டும் புதிதாக இருந்தால் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

தேடுவதற்கு ஜிக்பாங், தாபாங், நேவர் ஆப்கள் இருக்கின்றன. விலை நிலவரம் தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் ஆப்பில் வரும் அழகான மலிவு அறைகளில் பல, நீங்கள் போகும்போது "நேற்றுதான் போய்விட்டது" ஆகிவிடும். ஊரிலிருந்தபடியே படத்தைப் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. கோஷிவோனில் தங்கிக்கொண்டு, சாயங்காலம் ஆய்வகம் முடிந்ததும் தெருத் தெருவாக நடந்து, புதொங்சான் என்று எழுதியிருக்கும் புரோக்கர் கடைகளில் ஏறி இறங்குவதுதான் இன்னமும் சிறந்த வழி. போனில் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் வைத்துவிடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது, மனசு வலிக்கும். நேரில் போனால், அதுவும் ஆய்வக நண்பர் ஒருவரோடு போனால், அதே தெருவில் வேறு கதவு திறக்கும். மார்ச், செப்டம்பரில் செமஸ்டர் தொடங்குவதால் பிப்ரவரியும் ஆகஸ்டும் அடிதடியான மாதங்கள். முடிந்தால் ஒரு மாதம் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

புரோக்கர் கமிஷனுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. முன்பணம் 30 லட்சம், வாடகை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாடகையை 100-ஆல் பெருக்கி முன்பணத்தோடு கூட்டினால் 3 கோடியே 30 லட்சம். இது 5 கோடிக்குக் குறைவாக இருப்பதால் 100-க்குப் பதில் 70-ஆல் பெருக்க வேண்டும்: 2 கோடியே 10 லட்சம், முன்பணத்தோடு 2 கோடியே 40 லட்சம். அதில் 0.5 சதவீதம், அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம் வொன். வரி சேரலாம், அவ்வளவுதான். வெளிநாட்டவர் என்பதற்காக ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. கையெழுத்துக்கு முன் துங்கிபு துங்போன் எனப்படும் சொத்துப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நம்மூர் வில்லங்கச் சான்று மாதிரிதான். நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் 700 வொன் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கப்கு என்ற பகுதியில் உரிமையாளர் பெயர். உல்கு என்ற பகுதியில் அடமானக் கடன். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றும் கப்குவில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். கட்டட மதிப்பை நெருங்கும் அளவுக்குக் கடன் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

குடியேறியதும் முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள். வந்து 90 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தங்குமிடச் சான்று தேவை. அதன்பின் வீடு மாறினால் 15 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்திலோ வட்டார அலுவலகத்திலோ சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். பலரும் இதை விசா வேலை என்று மட்டுமே நினைக்கிறார்கள். உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றுவதும் இதே பதிவுதான். வீட்டில் குடியிருந்து முகவரியும் பதிவு செய்திருந்தால், மறுநாள் முதல் வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு வருகிறது. வீட்டுக்காரர் கடனில் மூழ்கி வீடு ஏலத்துக்குப் போனாலும், சிறு முன்பணம் கட்டியவர்களுக்கு வங்கிக்கும் முன்னதாகப் பங்கு உண்டு. தேஜோன் போன்ற பெருநகரங்களில், 2023-இல் திருத்திய வரம்பின்படி, முன்பணம் 8 கோடியே 50 லட்சம் வொன்னுக்குள் இருந்தால் 2 கோடியே 80 லட்சம் வரை இந்த முன்னுரிமை. பழைய அடமானம் இருந்தால் அந்தக் காலத்து வரம்பு பொருந்தும். மாணவர்கள் கட்டும் முன்பணம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். கையோடு உங்கள் பகுதியின் மக்கள் சேவை மையத்தில் (ஜுமின் சென்டர்) 600 வொன் கொடுத்து ஒப்பந்தத்தில் தேதி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதனால்தான், "இங்கே முகவரி பதிவு செய்யக் கூடாது" என்று சொல்லும் அறையை எடுக்காதீர்கள் என்கிறேன். அலுவலகமாகவும் வீடாகவும் பயன்படும் ஆபிஸ்டெல் அறைகளில் இதை அதிகம் கேட்கலாம். வணிகக் கட்டடமாகக் காட்டி வாங்கிய வரிச்சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்குமே என்பது வீட்டுக்காரரின் கவலை. அவர் வரியை மிச்சம் பிடிக்க உங்கள் விசாவும் முன்பணமும் பணயமாகக் கூடாது. கோஷிவோனிலும் முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1345-க்கு அழையுங்கள். குடிவரவுத் துறையின் உதவி எண், ஆங்கிலத்தில் பேசலாம்.

ஓரிரு மாதம் மட்டும் தங்க வருபவர்கள், கொரிய மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் ஒன்ரூம்களைப் பாருங்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் கல்லூரி மாணவர்களுக்கான எவ்ரிடைம் ஆப்பில் நிறைய வரும். முன்பணம் பெரும்பாலும் இல்லை, சட்டி பானை வரை உள்ளேயே இருக்கும். வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறதா என்று மட்டும் எழுத்தில், மெசேஜிலாவது, வாங்கிக்கொள்ளுங்கள்.

காலி செய்யும்போது: ஒப்பந்தம் முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே வீட்டுக்காரருக்கு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் ஒப்பந்தம் தானாக நீண்டுவிடும். அதன்பின் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் அது செல்லும். ஒப்பந்தக் காலத்தின் நடுவில் கிளம்பினால் அடுத்த ஆளைத் தேடித் தருவதும் அதற்கு வீட்டுக்காரர் கட்ட வேண்டிய புரோக்கர் கமிஷனும் உங்கள் தலையில்தான் விழும். குடியேறிய நாளில் சுவர், தரை, பாய்லர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்திருந்தால், கீறலுக்கும் கறைக்கும் முன்பணத்தில் பிடிக்கும் பேச்சு எழாது. விமான டிக்கெட்டை, முன்பணம் உங்கள் கணக்குக்கு வரும் நாளுக்குப் பிறகு போடுங்கள். நாட்டை விட்டுப் போன பிறகு அதை வாங்குவது மிகவும் கடினம்.