பொபின் வலையும் பஞ்சுத் தசையும்

சிறுவர் தினத்தையொட்டி எங்கள் ஊர் முன்பள்ளியில் விநோத உடைப் போட்டி நடக்கப் போகிறது என்ற கடிதம் அக்காவின் மகனுடைய புத்தகப்பையில் வந்து சேர்ந்த அன்றே, அவன் ஸ்பைடர்மானாகத்தான் மேடையேறுவான் என்பது முடிவாகிவிட்டது. பாரதியாராக அனுப்பினால் மீசை ஒன்று கீறுவதோடு வேலை முடிந்துவிடும் என்று அம்மா சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்த ஸ்பைடர்மான் என்ற கேள்வி எழுந்தபோதுதான் வீடு இரண்டாகப் பிரிந்தது. அக்கா படங்களின் கட்சி. நான் சித்திரக்கதைகளின் கட்சி. அத்தான் இரவுச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தால் போதும் என்ற கட்சி.

அக்கா நகரத்துக் கடையொன்றில் ஆயத்த உடுப்பொன்றை வாங்கி வந்திருந்தார். அதைப் பையிலிருந்து வெளியே எடுத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. சிவப்பும் நீலமுமான வழவழப்பான துணிக்குள், தோளிலும் மார்பிலும் வயிற்றிலும் பஞ்சு அடைத்துத் தசைகள் செய்திருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு வயிற்றில் ஆறு கட்டு. புட்டும் வாழைப்பழமும் ஊட்டுவதற்கே வீட்டைச் சுற்றி ஓடவேண்டிய பிள்ளையின் உடம்பில் இந்தத் தசைகள் எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்ப்பவர்கள் யோசிக்க மாட்டார்களா என்று கேட்டேன். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அக்கா.

அங்கேதான் எனக்கும் அந்தப் படங்களுக்கும் உள்ள நெடுநாள் வழக்கு ஆரம்பமாகிறது. 1962 ஆம் ஆண்டில், நிறுத்தப்படவிருந்த ஓர் இதழின் பதினைந்தாவதும் கடைசியுமான வெளியீட்டில், ஸ்டான் லீ எழுத ஸ்டீவ் டிட்கோ கீறிய பீற்றர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மானின் முகமூடிக்குள் இருப்பவன், கண்ணாடி போட்ட, தோள் எலும்பு தெரியும் மெலிந்த பொடியன். மாமியோடும் மாமாவோடும் வளர்கிறவன். மாமா இறந்த பிறகு வீட்டு வாடகைக்கே வழியில்லை. உடுப்பைக் கூடத் தானே தைத்துக்கொள்கிறான். அடுத்த ஆண்டு அவனுக்கென்றே தொடங்கிய தனி இதழின் முதற் கதையில், மேடையில் வித்தை காட்டிச் சம்பாதித்த பணத்தை அவனுக்குக் காசோலையாகக் கொடுக்கிறார்கள். காசோலை ஸ்பைடர்மான் என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. முகமூடியோடு வங்கிக்குப் போகிறான், அடையாளத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் கேட்கிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறான். தேசிய அடையாள அட்டையின் போட்டோப் பிரதியை மறந்துவிட்டுப் போய், வரிசையில் நின்று, முறை வந்த நேரத்தில் திரும்பி வந்த அனுபவமுள்ள எவருக்கும் இந்த வீரனை விட்டால் வேறு வீரன் தேவைப்படாது. நகரத்தையே காப்பாற்றக்கூடியவனால் ஒரு காசோலையை மாற்ற முடியவில்லை என்பதில் உள்ள பகிடியும் பரிதாபமும்தான் எனக்கு ஸ்பைடர்மான்.

படங்களில் முதலில் பறிபோவது அவனுடைய இந்த இல்லாமைதான். சித்திரக்கதையில் பீற்றர் தானே காய்ச்சிய பசையைச் சிறிய குப்பிகளில் அடைத்து, மணிக்கட்டில் கட்டிய கருவியால் வலையாகப் பீச்சுவான். ஒரு மணித்தியாலத்தில் அந்த வலை கரைந்துவிடும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது குப்பி காலியாகும். 2002 இல் சாம் ரெய்மி எடுத்த படத்தில் கருவியைத் தூக்கி எறிந்துவிட்டு, மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு வலை தானாக வருகிறது. பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் தன் அறைக்குள் இருந்து அப்படியொரு பசையைக் கண்டுபிடிப்பது நம்பும்படியாக இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். சிலந்தி கடித்தவன் சுவரில் ஏறுவதை நம்பலாமாம். பசை காய்ச்சுவதைத்தான் நம்பக்கூடாதாம். அதுவும் இயற்கையை ஒட்டி என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையான சிலந்திக்கு நூல் வருவது வயிற்றின் பின்முனையிலிருந்து. இயற்கையை முழுவதுமாகப் பின்பற்றியிருந்தால் அது குடும்பத்தோடு இருந்து பார்க்கக்கூடிய படமாக இருந்திருக்காது.

"மச்சான், கையிலயிருந்து வந்தா என்ன, மெசினிலயிருந்து வந்தா என்ன, வலை வலைதானே?" என்று அத்தான் சமாதானம் பேச வந்தார். உடம்பில் ஊறும் வலை தீராது, தீராத வலையை வைத்திருப்பவனுக்காக நாங்கள் ஏன் பயப்படவேண்டும் என்று நான் விளங்கப்படுத்தத் தொடங்கியதும், அவர் தண்ணீர் மோட்டரை நிறுத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மோட்டர் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

நியாயமாகச் சொல்வதானால் அதே ரெய்மியின் 2004 ஆம் ஆண்டுப் படத்தை நான் எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பீற்றா விநியோகத்துக்குப் பிந்திப்போய் வேலையை இழப்பதும், வீரனின் உடுப்பை மற்றத் துணிகளோடு சேர்த்துத் தோய்த்துச் சாயம் ஒட்டவைப்பதும், வாடகைக்காக வீட்டுக்காரனுக்கு ஒளிப்பதும் டிட்கோவின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவை போலவே இருக்கும். 2012 படத்தில் கருவி திரும்பி வந்தது; அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பிறகு 2016 இலும் 2017 இலும் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டோனி ஸ்டார்க் என்ற கோடீஸ்வரர் வந்து, உள்ளிருந்து குரல் கொடுக்கும், நூற்றுக்கணக்கான விதங்களில் வலை பீச்சும் உடுப்பொன்றைப் பொடியனுக்கு இனாமாகக் கொடுத்துவிடுகிறார். வெளிநாட்டு மாமா அனுப்பிய பார்சலைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஊருக்குள் திரியும் பொடியனுக்கும் அவனுக்கும் பிறகு என்ன வித்தியாசம்? 2021 படத்தின் கடைசியில் எல்லோரும் அவனை மறந்துபோக, சிறிய வாடகை அறையில் தையல் மெசினை வைத்துத் தன் உடுப்பைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். அந்த மெசினைத் திரையில் கண்டபோது நான் விசிலடித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா எனக்குத் தெரியாதவர் போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

(சித்திரக்கதைக்காரர்களே 2004 இல் படத்தைப் பார்த்துப் பீற்றரின் உடம்பில் வலை சுரக்கவைத்து, சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுக் கருவிக்குத் திரும்பினார்கள். இந்தத் தகவல் அக்காவின் காதுக்குப் போகாமல் இன்றுவரை பார்த்துக்கொள்கிறேன்.)

வழக்கைத் தீர்த்துவைக்கப் பெரியப்பாவைக் கூப்பிட்டோம். அவரிடம் ஒரு றங்குப்பெட்டி நிறையச் சிவகாசியில் அச்சான பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. 1995 இல் போரினால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது தான் நகைப் பொதியைத் தூக்கிக்கொண்டு நடக்க, இந்த மனிசன் அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். பெரியப்பாவின் வீரன் இரும்புக்கை மாயாவி. அதே 1962 இல் இங்கிலாந்து வார இதழொன்றில் பிறந்து, 1972 இல் முத்து கொமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவன். ஆய்வுகூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பூட்டிக்கொண்ட லூயிஸ் கிராண்டேலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், உடம்பு முழுவதும் மறைந்துபோகும். இரும்புக்கை மட்டும் மறையாது.

"கரண்ட் இல்லாட்டி அவன் வெறும் ஆள். அதுதான் கதை," என்றார் பெரியப்பா. "தொண்ணூறில கரண்டை நிப்பாட்டினாப் பிறகு அவன் இஞ்ச வந்திருந்தா என்ன செய்திருப்பான், சொல்லு பாப்பம்? சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஆரையாவது பிடிச்சு டைனமோ சுத்தவிட்டிருப்பான். சுத்துறவன் களைச்சானெண்டா மாயாவி துலைஞ்சான். பாதி மனிசன் சந்தியில தெரிவான்."

நாங்கள் றேடியோவில் செய்தி கேட்பதற்காக அந்த மிதிகட்டையைக் கையால் சுற்றிய தலைமுறை. சுற்றியவனுக்குத் தோள் நோவும், கேட்டவர்களுக்குச் செய்தியும் மிஞ்சியது அம்மாவுக்கும் ஞாபகம் வந்து, அவர் அடுப்படியிலிருந்தே சிரித்தார். மாயாவியை இன்னும் ஒருத்தரும் படமெடுக்காமல் விட்டது பெரிய புண்ணியம் என்றும், எடுத்திருந்தால் இரும்புக்கைக்குள் பற்றறி வைத்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் பெரியப்பா தீர்ப்பை வழங்கினார். உடுப்பு அக்காவுடையது, வலை என்னுடையது.

அன்றிரவே வேலையைத் தொடங்கினேன். பழைய கைக்கடிகார வார் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் வளைத்த கம்பித்துண்டைப் பொருத்தி, அம்மாவின் தையல் மெசினுக்கு அடியில் போடும் பொபினை அந்தக் கம்பியில் இலகுவாகச் சுழலும்படி கோத்தேன். பொபின் நிறைய வெள்ளை நூல். நூலின் முனையில் ஒரு சேட்டுத் தெறி. கையை வீசினால் தெறி முன்னால் பறக்கும். பொபின் கிர்ரென்று சுழன்று நூலை விடும். ஆறேழு முழத்துக்கு வலை போகும். திரும்பச் சுற்றுவதற்குத்தான் வழியில்லை. அதற்குப் பொபினைக் கழற்றி மெசினுக்குக் கொண்டுபோகவேண்டும். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை அரைவாசியில கிடக்கு, பொபின் இல்லாமல் நான் என்னத்தால தைக்கிறது?" என்று அம்மா கேட்டதற்கு, நியூயோர்க் நகரத்தின் பாதுகாப்பு முக்கியம் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எடுபடவில்லை. ஆனாலும் பொபின்களை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

போட்டியன்று புரட்டாதி வெயில் தகரக் கூரைக்கு மேலே நின்று எரித்தது. பஞ்சுத் தசைகள் எல்லாம் வியர்வையைக் குடித்துப் பாரமாகிவிட, மருமகன் சொறியத் தொடங்கி, பிறகு அழத் தொடங்கினான். கடைசியில் அக்காவே முதுகுப் பக்கத்தைத் திறந்து பஞ்சைப் பிய்த்து எடுத்தார். வயிறும் மார்பும் இடத்தோளும் இலகுவாக வந்துவிட்டன. வலத்தோள் மட்டும் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்ததால் அசையவில்லை. ஆகவே எங்கள் வீரன் வலப்பக்கம் ஹொலிவூட்டாகவும் இடப்பக்கம் டிட்கோவாகவும் வரிசையில் போய் நின்றான். எனக்கு இதைவிட நேர்மையான தழுவல் கிடைக்காது.

வரிசையில் வேறு இரண்டு ஸ்பைடர்மான்களும் இருந்தார்கள். 2021 படத்தில் மூன்று நடிகர்கள் மூன்று ஸ்பைடர்மான்களாக ஒரே திரையில் தோன்றியபோது உலகமே ஆரவாரித்தது. இங்கே மூவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் நட்பின் சாயலே இல்லை. மூன்றாமவன் முகமூடி வாங்காமல் முகத்தில் சாயத்தால் வலை கீறிக்கொண்டு வந்திருந்தான். அது அழுத கண்ணீரில் கரைந்து கழுத்துவரை வந்திருந்தது. அந்தப் பிள்ளை மேல் எனக்குத் தனி மரியாதை பிறந்தது.

நடுவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "அப்பு, நீங்கள் ஆர்?" என்று ஒலிவாங்கியை நீட்டினார். 'நான் ஸ்பைடர்மான், அயலவர்களின் நண்பன்' என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவன் தன்னுடைய முழுப் பெயரையும், அப்பா பெயரையும், வீட்டு ஒழுங்கையையும் சொன்னான். உலகத்தில் எந்த வீரனும் தன் இரகசியத்தை இத்தனை விரைவாக வெளியிட்டதில்லை. பிறகு வலக்கையை வீசினான். தெறி பறந்து, நடுவரின் மேசையிலிருந்த பூச்சாடிக்குள் விழுந்தது. கைதட்டல் எழுந்தது. உற்சாகத்தில் இடக்கையையும் வீசினான். அது குத்துவிளக்கின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. மூன்றாம் முறை வீசியபோது பொபின்கள் வெறுமனே சுழன்றன. அவன் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்து, மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னான்:

"மாமா, வலை முடிஞ்சுது! அம்மம்மாட்டைச் சுத்தி வாங்கிக்கொண்டு வாங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அந்தக் கதைகளின் உயிர்நாடியை ஒரு நாலு வயதுக்காரன் மேடையில் நின்று சொல்லிவிட்டான் என்று பக்கத்திலிருந்த தகப்பன் ஒருவரிடம் விளக்கினேன். அவர் தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முதற்பரிசு கச்சான் ஆச்சிக்குக் கிடைத்தது. வெள்ளைச் சேலை சுற்றி, தலைக்கு மா பூசி, கடகத்தோடு வந்த ஒரு சிறுமி, நடுவரின் மேசைக்கே போய்ச் சுண்டால் அளந்து கச்சானை விற்று, காசையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூலத்தில் ஒரு மாற்றமும் செய்யாத தழுவல் அது. எனக்கு அதில் முறைப்பாடு இல்லை. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு கொம்பாஸ் பெட்டி தந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் ஓட்டோவிலேயே மருமகன் அடுத்த வருடம் தான் ஹல்க் என்று அறிவித்துவிட்டான். பிள்ளையின் உடம்பு முழுவதும் பச்சைச் சாயம் பூசினால் கடிக்குமே என்று அக்கா கவலைப்பட்டார். 1962 மே மாதத்தில் வந்த முதலாவது இதழில் ஹல்க் பச்சையே இல்லை, சாம்பல் நிறம் என்று நான் சொன்னேன். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வெவ்வேறு விதமாக விழுந்து தொல்லை கொடுத்ததால்தான் இரண்டாம் இதழிலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். படங்கள் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டுவிட்டன. படத்தில் பச்சைதானே என்று அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கிட்டார்.

"சாம்பல் எண்டா நல்லதாப் போச்சு. வீட்டில திருநீறு கிடக்கு, பிள்ளைக்குக் கடிக்கவும் மாட்டுது. ஊதாக் காற்சட்டை நான் தைச்சுத் தாறன். முதல்ல அந்தப் பொபின் ரெண்டையும் எடு."