மீனில்லாத தொட்டியின் முதல் மாதம்

முதன்முதலாகத் தொட்டி வாங்கிய அன்று காலையில் நீரை நிரப்பி, மாலையிலேயே ஆறு மீன்களையும் அதில் விட்டுவிட்டேன். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது. ஆயினும் நான்காம் நாள் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்து நாள்களுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. நோயுள்ள மீன்களை விற்றுவிட்டார்கள் என்றே நெடுநாள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையது என்பது பிறகுதான் விளங்கியது.

மீன் தன் செவுள்களின் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகும்போது அது மேலும் கூடுகிறது. ஒருவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகையினவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரைட், இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடுவதால், காற்றுக் குமிழிகள் பொங்கும் நீரிலும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட்டின் தீங்கு இவற்றைவிட மிகக் குறைவு. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினாலே பெரும்பாலும் அது கட்டுக்குள் நிற்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் அடிக்கற்களிலும் குடியேறிப் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். ஆகவே இப்போது புதுத் தொட்டி வைத்தால், மீனில்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் சிட்டிகைத் தீனியை மட்டும் போட்டு அழுகவிடுகிறேன். பரிசோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பின்னர் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி நிலைத்த பிறகே மீன், அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல. வெறும் நீரை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவனை வீட்டார் விநோதமாகத்தான் பார்த்தார்கள்.

அப்படி வளர்த்த உயிர்களைக் குழாய் நீரால் கொல்வதும் எளிது. அதிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களையும் அழிக்கும், செவுள்களையும் அரிக்கும். ஆதலால் புது நீரில் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்தே ஊற்ற வேண்டும். பஞ்சையோ தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில்தான் பிழிந்து கழுவ வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும் என்ற பேச்சில் எனக்குக் கோபமே வருகிறது. தங்கமீன் 20 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடியது, பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கிண்ணத்தில் அது சிறுத்துக் கிடந்தால், கெட்ட நீரில் குன்றிப்போயிருக்கிறது என்றே பொருள். ஃபைட்டர் மீன் மேல்மட்டத்துக்கு வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது. ஆனால், அதைக் குவளையில் அடைப்பதற்கு அது நியாயமாகாது. நியான் டெட்ரா என்ற சிறு மீனைத் தனியாக வளர்ப்பதும் கொடுமைதான், ஆறேனும் சேர்ந்திருந்தால்தான் அதன் அச்சம் தணியும்.

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் என்று விரலளவில் விற்கப்படும் சக்கர் மீன், ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர்ந்ததும் அதை ஏரியில் விட்டுவிடுகிறவர்கள் புண்ணியம் செய்ததாக எண்ணுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன், இவ்வாறு விடப்பட்டே அயல்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, அங்குள்ள மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டிருக்கிறது. என்னிடமிருந்த ஒன்றுக்கு, பெரிய தொட்டியுள்ள ஒருவரைக் கண்டுபிடித்து ஒப்படைக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.