கூட்டம் வருது, சத்தந்தான் வரல

மைக் செட்டு வச்சிருக்கவனுக்கு ஒரு ஃபுட்பால் களியில கூட்டம் எப்பிடி இருக்குன்னு கண்ணால பாக்க வேண்டாம், ஆம்ப்ளிஃபையர்ல வால்யூம் குமிழ் எங்க நிக்குன்னு பாத்தா போதும். முந்தி எங்க ஊரு கிரவுண்டுல ஊரு டீம் இறங்குற நாளுன்னா குமிழ முக்காலுக்கு மேல திருகி வச்சாத்தான் நான் ‘கார்னர்’னு சொல்லுறது எதிர்ப்பக்கம் நிக்கவனுக்கு கேக்கும், அப்பமும் பாதி பேருக்கு கேக்காது. இப்பம் அதே கிரவுண்டு, ஆளுவ குறையல, சில நாளு முந்தியவிட கூடுதலாவே இருக்கு, ஆனா குமிழ் பாதியத் தாண்ட வேண்டிய அவசியமே வரல. கமிட்டிப் பயக்க ‘சவுண்டு நல்ல கிளியரா இருக்குண்ணா’ன்னு சந்தோஷமா சொல்லுவானுவ. எனக்கு அந்த கிளியர்தான் உறுத்துது.

எனக்கு ஊரு கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் மண்டலத்துல ஒரு கடற்கரை ஊரு. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடின்னு இந்தப் பக்கம் எந்த ஊருக்கு போனாலும் ஒரு கோயிலு, ஒரு கிரவுண்டு, ஒரு கிளப்பு கட்டாயம் இருக்கும். கிரிக்கெட்டு எல்லாம் டிவியில பாக்கதோட சரி. கல்யாணம், திருநாளு, மரண அறிவிப்புன்னு எல்லாத்துக்கும் மைக் செட்டு போடுறவன்தான் நான், ஆனா மனசுக்குப் பிடிச்ச வேலைன்னா பந்துகளிக்கு அனவுன்ஸ்மெண்ட் சொல்லுறதுதான், அதுல காசு ரொம்ப இல்ல, வாக்குவாதம்தான் ஜாஸ்தி.

கடற்கரை கிரவுண்டுல சவுண்டு வைக்கது தனி வேலை. மத்தியானத்துக்கு மேல காத்து கடலுல இருந்து கரைக்கு அடிக்கும், அதனால ஸ்பீக்கர் பாக்ஸ கடல் பக்கம் வச்சு கரையப் பாத்து திருப்பணும், மாத்தி வச்சா சத்தத்த காத்து தின்னுரும். முந்தி கூட்டமும் அப்பிடித்தான் தெரிஞ்சோ தெரியாமலோ நிக்கும். கடல் பக்கத்து டச் லைன்ல வயசுப் பயக்க, அவனுவ போடுற கூவல் முழுக்க காத்தோட வந்து எதிர் டீம் கோலி, அதான் கோல்கீப்பர், காதுல விழும். இந்தப் பக்கம் கமுத்திப் போட்ட வள்ளத்து மேல பெரியவங்க, வீட்டு முற்றத்துல பெண்ணுவ. கோடுக்கும் ஆளுக்கும் இடையில ஒரு அடிகூட இருக்காது, த்ரோ எறியணும்னா ரெண்டு பேர தள்ளி நிறுத்திட்டுத்தான் எறியணும். பந்து வெளிய போனா எடுத்துக் கொடுக்க மாட்டானுவ, நம்ம டீம் ஜெயிச்சிட்டு இருந்தா அந்தப் பந்து கடலுக்கே போயிரும்.

அது எல்லாம் நல்லதாவே இருந்துதுன்னு நான் சொல்ல வரல. பக்கத்து ஊரு டீமோட ஃபைனல்னா கல்லெறி நடக்கும், ரெஃப்ரிய வீட்டுக்குள்ள வச்சு பூட்டி காப்பாத்துன கதையெல்லாம் உண்டு, ஒரு வருஷம் அடிதடியில போலீஸ் வந்து, பங்குச் சாமியார் அச்சன் தலையிட்டுத்தான் டூர்னமெண்ட முடிச்சு வச்சாரு. அதுக்கப்புறம்தான் சுத்தி கம்பிவலை வந்துது, ரெண்டு பக்கமும் கேலரி வந்துது, முன்வரிசையில பிளாஸ்டிக் சேர் வந்துது. பெண்ணுவ இப்பம் பிள்ளையளோட நிம்மதியா உக்காந்து பாக்காவ, கல்லு விழுமோன்னு பயமில்ல. அத குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒண்ணு, நிக்கவன் கத்துற மாதிரி சேர்ல இருக்கவன் கத்த மாட்டான், அது உடம்போட சமாச்சாரம். நிக்கும்போ பக்கத்துல இருக்கவன் தோளு இடிக்கும், அவன் கத்துனா உனக்கும் தானா வரும். சேர் போட்டா ஒவ்வொருத்தனும் தனி ஆளு.

இது இங்க மட்டும் உள்ளதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். எங்க பயக்க கொச்சியில தோப்பும்படி ஹார்பர்ல படகக் கெட்டிட்டு கலூர் ஸ்டேடியத்துக்கு கேரளா பிளாஸ்டர்ஸ் டீம் களி பாக்க போவானுவ. 2016ல ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக், ஃபைனல் அங்க நடந்தப்ப 50,000 பேருக்கு மேல, படிக்கெட்டுல நெருக்கி இருந்துட்டு பாத்ததா சொல்லுவானுவ. 2017ல அண்டர் 17 வேர்ல்ட் கப்புக்காக அங்கயும் பக்கெட் சீட்டு போட்டாங்க, அதுக்கப்புறமும் சத்தம் உண்டு, ஆனா அந்த பழைய இரைச்சல் இல்லன்னு நேருல பாத்தவன் சொல்லுதான். இங்கிலாந்துல இந்த கதை இன்னும் பழசு. 1989ல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல நெரிசல்ல மாட்டி 97 பேரு செத்தாங்க, போலீஸ் கூட்டத்த கையாண்ட விதத்துல வந்த தப்பு, அதுக்கு பிறகு வந்த டெய்லர் அறிக்கையால 1994க்குள்ள மேல்மட்ட டிவிஷன் கிரவுண்டுகள்ல நிக்கிற இடத்தயெல்லாம் எடுத்துட்டு சீட்டு போட்டாங்க. உயிர் போற விஷயம், யாரும் எதிர்த்து பேச முடியாது. ஆனா கூடவே டிக்கெட் விலையும் ஏறிப்போச்சு. 2000ல மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் சொந்த கிரவுண்டு ரசிகர்களையே திட்டினாரு, சிலபேரு குடிச்சிட்டு எறா சாண்ட்விச் தின்னுட்டு இருக்கானுவ, கிரவுண்டுல என்ன நடக்குன்னே அவனுவளுக்கு தெரியலன்னு. இத நான் ஊருல சொன்னப்ப ஒரு பெரியவர் சிரிச்சிட்டே ‘எறாலப் பிடிக்கவன் இங்கன தொண்டை கிழிய கத்துதான், அதத் தின்னவன் அங்க சும்மா இருக்கானாக்கும்’னாரு.

சேரு, வலை எல்லாம் ஒரு பங்குதான். பெரிய பங்கு கிரவுண்டுக்குள்ள இருக்கு.

முந்தி ஊரு டீம்னா ஊரு டீம்தான். கோலி ஐஸ் பிளாண்ட்ல வேலை பாக்கவன், ரைட் பேக் காலேஜ் பய, ஃபார்வேர்ட் ரெண்டு பேரும் கடலுக்கு போறவனுவ, டூர்னமெண்டுக்காகவே ஆழ்கடல் தங்கல் முடிச்சு வந்து இறங்குவானுவ. எனக்கு லிஸ்டே வேண்டாம். பந்து யாரு காலுல போனாலும் யாரு மவன், எந்த வீடு, கோயில்ல எந்த அன்பியக் குழுன்னு தெரியும், மைக்குல சொன்னா அந்த பக்கம் ஒரு சிரிப்பு, இந்த பக்கம் ஒரு கூவல். பெனால்டிய வெளிய அடிச்சவன அவனுக்க சொந்த மாமியே ‘சோறு தின்னுட்டுதான வந்தே’ன்னு கத்துவா. கூட்டத்துக்கு அது களி மட்டுமில்ல, எல்லாவனும் சொந்தக்காரன். இரவிபுத்தன்துறையில இருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல்ல ஆடுறத டிவியில பாக்கும்போகூட இங்க உள்ளவங்க அப்பிடித்தான் பாத்தாவ, டீமு பேரு ஜாம்ஷெட்பூரோ ஏடிகேயோ, நமக்கென்ன, நம்ம பய பந்து வாங்குனா போதும்.

இப்பம் ஃபர்ஸ்ட் பிரைஸ் லட்சத்துல போகுது, டீமுக்கு ஏழு பேரு களிக்கிற செவன்ஸ்னா கெஸ்ட் பிளேயர் இல்லாம ஒரு டீமும் இறங்காது. மலப்புறத்துல இருந்து நாலு பேரு, ஆப்பிரிக்காக்காரன் ரெண்டு பேரு, ஊருக்காரன் ஒருத்தன் இருந்தா அதிர்ஷ்டம். நல்லா களிப்பானுவ, அதுல சந்தேகமே வேண்டாம், எங்க பயக்களவிட நூறு மடங்கு மேல. களி தொடங்க கொஞ்ச நேரம் முன்னால மேனேஜர் ஒரு துண்டு பேப்பர் தருவான், அதுல உள்ள நம்பரும் ஜெர்சியில உள்ள நம்பரும் ஒத்துப்போகாது, பேர எப்பிடி சொல்லணும்னு யாருக்கும் தெரியாது. நேத்து எதிர் டீமுல களிச்சவன் இன்னைக்கு நம்ம ஜெர்சியில நிப்பான். அவன் கோல் போட்டா கை தட்டுவானுவ, நல்ல கோலுன்னு தலையாட்டுவானுவ. தலையாட்டுறதுக்கு சத்தம் கிடையாதே.

கடலுக்கு போறவங்க ஊருல இல்ல, கல்ஃபுக்கு போயிட்டானுவ, அதான் கூட்டம் செத்துப்போச்சுன்னு பொதுவா ஒரு காரணம் சொல்லுவாங்க. அது பாதி உண்மை. இங்க உள்ளவன் என்னைக்குமே ஒரு மாசம், ஒன்றரை மாசம்னு ஆழ்கடல்ல தங்குறவன்தான், அப்பமும் கிறிஸ்மஸுக்கு கரையில இருப்பான். ஆனா 2017 நவம்பர் கடைசியில ஓக்கி புயல் அடிச்சுதே, அந்த வருஷம் எங்க ஊருல களியே இல்ல. அடுத்த வருஷம் திரும்ப தொடங்கினப்ப கடல் பக்கத்து டச் லைன்ல முதல் கூவல போடுற ஆளுவள்ல சிலபேரு இல்ல. எந்த கூட்டத்துலயும் எல்லாரும் தொடங்க மாட்டாவ, தொடங்குறவன் அஞ்சாறு பேருதான், மத்தவங்க ஏத்துப் பிடிப்பாவ. அத இதுக்கு மேல எழுதுறதுக்கு எனக்கு மனசில்ல.

ஃபோன பத்தி எல்லாவனும் சொல்லியாச்சு, கோல் விழும்போ ரெண்டு கையும் மேல போகுது, ரெண்டுலயும் ஃபோன் இருக்கு, தட்டுறதுக்கு மூணாவது கை வேணும். யூட்யூப் லைவ்ல கத்தார்ல இருக்கவனும் பாக்கான், அது நல்லதுதான்.

எனக்க தொழிலுக்குள்ள வர்ற விஷயத்த மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்லுறேன். கூட்டம் சத்தம் போடுறது சும்மா இருக்குற நேரத்துலதான் பிறக்கும். பந்து வெளிய போச்சு, அடிபட்டு ஒருத்தன் கிடக்கான், கோல் கிக் எடுக்க கோலி நேரம் கடத்துதான், அந்த கொஞ்ச நேரத்துல ஒருத்தன் எதாவது சொல்லுவான், பக்கத்துல சிரிப்பு வரும், இன்னொருத்தன் அதுக்கு பதில் சொல்லுவான், தகரத்த ஒருத்தன் தட்டுவான், அப்பிடியே பிடிச்சு ஏறிரும். இப்பம் அந்த நேரம் முழுக்க எனக்கு வேலை. நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், படகு எஞ்சின் விளம்பரம், வந்திருக்கிற விருந்தாளிக்கு பொன்னாடை, அது முடிஞ்சா டிஜே பய ஒரு பாட்ட தட்டி விடுவான், சப்வூஃபர்ல நெஞ்சு அதிரும். போதாததுக்கு சிங்காரி மேளம் வேற வாடகைக்கு. இத்தனையும் தாண்டி மேல போற தொண்டை எவனுக்கு இருக்கு? ஒருத்தன் கூவ வாயத் திறந்தா பக்கத்துல இருக்கவனுக்கே கேக்காது, ரெண்டு தடவை பாத்துட்டு அவனும் ஃபோன எடுத்துருவான். பிறகு கமிட்டிக்காரன் ஓடி வந்து ‘அண்ணா கூட்டம் டல்லா இருக்கு, பாட்டு போடச் சொல்லுங்க’ம்பான்.

2020ல கொரோனா நேரம், ஆளில்லாத ஸ்டேடியத்துல பிரீமியர் லீக் திரும்ப தொடங்கினப்ப வீடியோ கேம்ல உள்ள ஆரவாரத்த எடுத்து டிவியில கலந்து விட்டாங்க. சவுண்டுக்காரனா எனக்கு அது பெரிய அதிசயமா இருந்துது, ராத்திரி உக்காந்து அதயே கவனிச்சேன். என்ன வித்தியாசம்னு கொஞ்ச நாள்ல பிடிகிடைச்சுது. பட்டன் அமுக்குறவன் நடந்தத பாத்துட்டு அமுக்குதான், அதனால சத்தம் எப்பமும் ஒரு நூலு பிந்தித்தான் வரும். நெசக் கூட்டம் அப்பிடியில்ல, பந்து விங்குல போகும்போதே ஏறத் தொடங்கிரும், கோல் விழுறதுக்கு முன்னாலயே அதுக்கு தெரிஞ்சிரும். ஜெர்மனியில ஆளில்லாம களிச்சப்ப சொந்த கிரவுண்டுல ஜெயிக்கிறதே குறைஞ்சுபோச்சு, ஸ்டேடியம் மாறல, புல்லு மாறல, கத்துறதுக்கு ஆளு மட்டும் இல்ல.

போன சீசன்ல செமி ஃபைனல் ஒண்ணு லைட்டு போட்டு நடந்துது, மழையால லேட்டா தொடங்கி ராத்திரி 10 மணிய தாண்டிப் போச்சு. 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக்கூடாதுங்கது சட்டம், ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஏட்டு வந்து பக்கத்துல நின்னாரு, நான் மெயின ஆஃப் பண்ணிட்டேன். டிஜேவும் இல்ல, மேளமும் நின்னுபோச்சு, விளம்பரமும் இல்ல. மொதல்ல ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருந்துது, ரெஃப்ரி விசிலும் பந்து அடிபடுற சத்தமும் மட்டும். பிறகு கேலரியில எவனோ ஒருத்தன் எதிர் டீம் கோலியப் பாத்து என்னவோ சொன்னான், இங்க எழுத முடியாது, மொத்த கேலரியும் சிரிச்சுது. அடுத்த கார்னருக்கு தகர ஷீட்ட காலால மிதிக்கத் தொடங்கினானுவ. அந்த நேரம் பாத்து ஊருக்காரப் பய ஒருத்தன சப்ஸ்டிட்யூட்டா இறக்கி விட்டாங்க, பத்தொன்பது வயசு, பந்து அவன் காலுல போகும்போதெல்லாம் பேரச் சொல்லி கூவுறானுவ, பெண்ணுவ பக்கமும் ஏத்துப் பிடிச்சுது. டைபிரேக்கர்ல தோத்துட்டோம், அது வேற. ஏட்டு என்னப் பாத்து ‘நீங்க ஆஃப் பண்ணியும் குறையலியே, இதுக்கு நான் யாரு மேல கேஸு போடுறது’ன்னாரு.

இந்த வருஷம் கமிட்டி கூடினப்ப நான் ரெண்டு விஷயம் சொன்னேன். ஒரு டீமுக்கு குறைஞ்சது நாலு பேராவது அந்தந்த ஊருக்காரனா இருக்கணும், கெஸ்ட் பிளேயர் மூணு பேருக்கு மேல வேண்டாம். களி நடக்கும்போ பாட்டும் விளம்பரமும் வேண்டாம், எல்லாத்தயும் ஹாஃப் டைம்ல சொல்லித் தாறேன். மொதல் விஷயத்துக்கு பயக்க ஒத்துக்கல, அப்பிடி வச்சா பெரிய டீமெல்லாம் என்ட்ரி ஃபீஸ் கெட்டாது, கேலரி டிக்கெட் போகாதுன்னு பொருளாளரு கணக்கு போட்டு காட்டினாரு, அவரு கணக்கும் தப்பில்ல. ரெண்டாவதுக்கு ஸ்பான்சர்கிட்ட கேக்கணும்னாரு. அண்டர் 15 களிக்கு மட்டும் நீங்க சொன்னபடி வச்சுப் பாப்போம்னு ஒரு முடிவுக்கு வந்தாவ, அதுல எல்லாம் ஊருப் பிள்ளையதான், ஸ்பான்சரும் பெருசா கிடையாது. சரின்னு நானும் ரெண்டு பாக்ஸும் ஒரு மைக்கும் மட்டும் போட்டு ரேட்டு எழுதிக் கொடுத்தேன். அத வாங்கிப் பாத்துட்டு பொருளாளரு கேக்காரு, ‘பாட்டு இல்ல, மேளம் இல்ல, சப் இல்ல, பிறகு ஏண்ணா காசு இவ்வளவுதான் குறையுது?’ன்னு. ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் பாட்டு இருந்தாலும் இல்லன்னாலும் அதேதான்னு இன்னும் அவருக்கு விளக்கிட்டு இருக்கேன்.